கலாத்தியாவும் கழிவுத் தண்ணீரும்

கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி இரண்டு வேகத்தடைகளைத் தாண்டினால் எங்கள் அடுக்குமாடி வரும். மொத்தம் பன்னிரண்டு வீடுகள். சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் முறைப்படி உண்டு. ஆனால் மோட்டார் ஸ்விட்ச் இருக்கும் பெட்டியின் சாவி என்னிடம் இருக்கிறது. அதனால் தலைவரே என்னைப் பார்த்தால் முதலில் வணக்கம் சொல்வார்.

முப்பது வருஷம் கிண்டியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன் நான். ஒரு நட்டு, ஒரு வாஷர் என் கையெழுத்து இல்லாமல் வெளியே போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகு கட்டிக்காக்க வீட்டில் எதுவும் இல்லை. சமையலறைப் பக்கம் போனால் மனைவி விரட்டுவாள். அப்படி இருந்தவனிடம் தண்ணீர்ப் பொறுப்பைக் கொடுத்தால் என்ன ஆகும்? நோட்டீஸ் போட ஆரம்பித்தேன்.

நான் போட்ட நோட்டீஸ்களில் எனக்கே ரொம்பப் பிடித்தது பக்கெட் நோட்டீஸ். எங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பு. பன்னிரண்டு வீட்டிலும் ஆர்.ஓ. மெஷின் உண்டு. அந்த மெஷின் குடிக்கக் கொஞ்சம் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அதைவிட அதிகமான தண்ணீரை ஒரு மெல்லிய குழாய் வழியாகச் சிங்க்கில் கொட்டிவிடும். அந்தக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு எரியும். அதனால் சட்டம் போட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் குழாயின் கீழே பக்கெட் வைக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் வீடு துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம், வண்டி கழுவலாம், செடிக்கு ஊற்றலாம். ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகக் கூடாது. லிஃப்டில் சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன்.

பதினொரு வீடுகள் பணிந்தன. இரண்டாவது மாடியில் இருக்கும் கணக்கு டீச்சர் மட்டும் பணியவில்லை. அவருக்குத் தனியாக மூன்று முறை நோட்டீஸ் கொடுத்தேன். மூன்றையும் வாங்கி, "ஓகே சார்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

என் ராஜ்ஜியம் இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தக் கலாத்தியா என் பொறுப்புக்கு வந்தது.

அது என் மகளுடைய செடி. வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்த நாட்களில் வாங்கி மேஜை மேல் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு இலையும் யாரோ உட்கார்ந்து தூரிகையால் கோடு போட்டது போல இருக்கும். அடிப்பக்கம் கத்திரிப்பூ நிறம். சாயங்காலம் ஆனால் இலைகளைத் தூக்கி மடக்கிக்கொள்ளும், காலையில் விரித்துவிடும். பூக்காத, காய்க்காத, ரசத்தில் கிள்ளிப் போடக்கூட முடியாத ஒரு செடிக்கு இத்தனை அலங்காரம் எதற்கு என்று நான் கேட்டிருக்கிறேன். "பாக்கறதுக்குப்பா" என்று சொல்வாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆனது. அவளே பார்த்துக்கொண்ட பையன். நானும் எவ்வளவோ விசாரித்தேன். பையனைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிய குறையாக இருந்தது. என்னைக் கேட்காமல் நடந்த ஒரு நல்ல காரியத்தை என்னால் தாங்க முடியவில்லை. கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, பட்டுப் புடவையும் மாலையுமாக அவளே என் இலையருகே வந்து குனிந்து, "அப்பா, பாயசம் வெச்சாங்களா?" என்று கேட்டாள்.

"நான் விருந்தாளியாத்தான் வந்திருக்கேன். மத்த விருந்தாளிங்கள கவனி, போ" என்றேன்.

எனக்குப் பக்கத்து இலையில் இருந்தவர் அப்பளத்தை நொறுக்காமல் கையில் வைத்துக்கொண்டார். மகள் நிமிர்ந்து போய்விட்டாள். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வெளியே வந்த மறுநிமிடமே அது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் வெளியே போன சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பழக்கம் என் ஸ்டோர்ஸில் கிடையாது.

பதினைந்து நாள் கழித்து இருவரும் பெங்களூருக்குக் குடிபோனார்கள். கிளம்புகிற அன்று காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது, மகள் அந்தத் தொட்டியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள். "கார்ல எடம் இல்லப்பா. நீங்க பாத்துக்கோங்க. மண்ண வெரலால தொட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அதற்கப்புறம் எங்களுக்குள் பேச்சு என்றால் செடிப் பேச்சுதான். மனைவியும் மகளும் தினமும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடியோவில் வருவாள். மனைவி போனை என் முகத்துக்கு நேராக நீட்டுவாள்.

"செடி எப்படிப்பா இருக்கு?"

"இருக்கு."

"தண்ணி ஊத்தறீங்களா?"

"ஊத்தறேன்."

"காட்டுங்க."

காட்டுவேன். அவள் பார்ப்பாள். "சரிப்பா" என்பாள். அவ்வளவுதான். ஆனால் அந்த அரை நிமிடத்துக்காகச் சனிக்கிழமையே சவரம் செய்துகொள்கிறவனாக நான் மாறியிருந்தேன். இந்தச் செடியும் போய்விட்டால் அவள் என்னிடம் கேட்க என்ன இருக்கிறது, நான் சொல்ல என்ன இருக்கிறது? யோசித்தால் பயமாக இருந்தது.

அதனால் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினேன். விரலால் தொட்டுப் பார்ப்பதெல்லாம் எனக்கு ஒத்துவராது. ஒரு பொருளுக்கு அளவும் வேளையும் வேண்டாமா? செவ்வாய், வெள்ளி காலை ஏழு மணி, ஒரு டம்ளர். பிரிட்ஜ் கதவில் தாள் ஒட்டி டிக் போட்டேன். தண்ணீர் எங்கிருந்து? வேறெங்கிருந்து, பக்கெட்டிலிருந்துதான். சட்டம் போட்டவன் வீட்டிலேயே சட்டத்தை மீறலாமா?

ஒன்றரை மாதத்தில் இலை ஓரங்கள் பழுப்பாகக் கருக ஆரம்பித்தன. முதலில் நகக்கண் அளவு. பிறகு இலையைச் சுற்றிக் கரை போட்ட வேட்டி மாதிரி ஆனது. வெயில் என்று நினைத்து ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்தேன். காற்று என்று நினைத்து மின்விசிறியை அணைத்தேன். மனைவி புழுக்கத்தில் விசிறிக்கொண்டே, "அந்த பக்கெட் தண்ணியதான் ஊத்தறீங்க. எனக்கு அதுலதான் சந்தேகம்" என்றாள்.

"தண்ணில என்ன சந்தேகம்? தண்ணி தண்ணிதான்."

"அப்ப நீங்களும் அதையே குடிங்க."

செவ்வாய், வெள்ளியோடு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு டம்ளர் சேர்த்தேன்.

கருகல் நிற்கவில்லை. ஞாயிறு காலைகளில் எனக்கு வேறு வேலை வந்து சேர்ந்தது. மனைவியின் தையல் கத்தரிக்கோலை எடுத்து, இலை ஓரங்களின் பழுப்பை மட்டும் வளைவு கெடாமல் வெட்டுவேன். பிறகு தொட்டியைத் திருப்பித் திருப்பி, எந்தப் பக்கம் பார்க்கச் சுமாராக இருக்கிறதோ அதைக் கேமராவுக்குக் காட்டுவேன். பெண் பார்க்கும் போட்டோவுக்குக் கூட யாரும் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

"என்னப்பா, இலையெல்லாம் சின்னதாயிட்ட மாதிரி இருக்கு?" என்று ஒரு ஞாயிறு கேட்டாள்.

"போன்ல அப்படித்தான் தெரியும்" என்றேன்.

வெட்டி வெட்டி, இலை ஒவ்வொன்றாக உதிர்ந்து, பதினான்கு இருந்த இடத்தில் ஐந்து ஆனது. ஐந்தாவது நாளைக்கா மறுநாளா என்று இருந்தது. தொட்டியை ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, வேளச்சேரி சாலையில் இருக்கும் ஒரு நர்சரிக்குப் போனேன்.

நர்சரிக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு செம்மண் கலந்துகொண்டிருந்தார். தொட்டியைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா சார் இது, இப்டி கீது?"

"வியாதி ஏதோ வந்திருக்கு. மருந்து குடுங்க."

அவர் மருந்து எடுக்கப் போகவில்லை. குந்தி உட்கார்ந்து, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டி எனக்குக் காட்டினார். "உப்பு பூத்துகீது பாருங்க. இன்னா தண்ணி ஊத்தறீங்க?"

"ஆர்.ஓ. மெஷின் தண்ணி."

"மெஷின்ல எந்த தண்ணி? குடிக்கிறதா, பக்கெட்ல போறதா?"

"பக்கெட்ல போறது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. ஆனால் அவர் ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். "சார், போர் தண்ணிலேர்ந்து உப்ப எடுத்துட்டுதான மெஷின் உங்களுக்கு நல்ல தண்ணி குடுக்குது? எடுத்த உப்பு எங்க போவும்? அந்த பக்கெட்டுக்குதான் போவும். வெளிய நிக்கிற வேப்ப மரம்னா தாங்கிக்கும். இது ஊட்டுக்குள்ள வளர்ற ஐட்டம், ரொம்ப பூஞ்ச. நீங்க நல்லத குடிச்சிகினு உப்ப மட்டும் இதுக்கு ஊத்தினு இருந்திருக்கீங்க."

"எங்க அபார்ட்மென்ட்ல எல்லாரும் அப்படித்தான் ஊத்தறாங்க."

"எவன் சார் சொன்னது அப்டி ஊத்தச் சொல்லி?"

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒரே ஆள் நான்தான். சொல்லவில்லை. "இதே மாதிரி வேற ஒண்ணு இருக்கா?" என்று கேட்டேன். இருந்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்து வாயைத் திறக்காமல் இருந்திருப்பேன், அதில் சந்தேகமே வேண்டாம். நல்லவேளையோ கெட்டவேளையோ, அவரிடம் ஸ்டாக் இல்லை.

"நல்ல தண்ணியா நெறைய ஊத்தி, அடி ஓட்ட வழியா நல்லா ஓட வுடுங்க. மண்ணுல கீற உப்பு கொஞ்சம் எறங்கும். அப்பறம் மண்ணு காஞ்சா மட்டும் ஊத்துங்க. வெரல வுட்டுப் பாருங்க சார், வெரல் பொய் சொல்லாது. பொழச்சா உங்க லக்கு."

விரல்! மகள் சொன்ன அதே விரல்.

வழி முழுக்க அவரோடு மனதுக்குள் வாதாடிக்கொண்டு வந்தேன். மண்வெட்டி பிடிக்கிறவருக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும்? நிரூபித்துவிடலாம் என்று, மனைவி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, பால் காய்ச்சும் பாத்திரத்தில் பக்கெட் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்தேன். இன்னொரு பாத்திரத்தில் குடிக்கும் தண்ணீர். இரண்டும் சுண்டும் வரை பக்கத்திலேயே நின்றேன். குடிக்கும் தண்ணீர் சுண்டிய பாத்திரத்தில் லேசாக ஒரு கறை மட்டும் இருந்தது. பால் பாத்திரத்தின் அடியில், சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக ஒரு ஏடு. நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

மனைவி கோவிலிலிருந்து வந்து, பாத்திரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பாத்திரத்தைப் பற்றி நிறைய பேசினாள். அதையெல்லாம் இங்கே எழுத வேண்டாம்.

மறுநாள் இருபது லிட்டர் கேன் ஒன்று வரவழைத்தேன். எங்கள் மெஷினில் அவ்வளவு நல்ல தண்ணீர் பிடிப்பதென்றால், அதற்கு எத்தனை பக்கெட் உப்புத் தண்ணீர் வெளியே போகும் என்று நினைத்தாலே எனக்கு மயக்கம் வந்தது. கேன் போடுகிறவர் அதைத் தோளில் தூக்கிவந்து என் வாசலில் இறக்கும்போது, லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே கணக்கு டீச்சர் நின்றார்.

"என்ன சார், மெஷின் ரிப்பேரா?"

"இல்ல மேடம். செடிக்கு."

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. டீச்சர் கேனைப் பார்த்தார். லிஃப்ட் சுவரில் என் சிவப்பு மை நோட்டீஸைப் பார்த்தார். மறுபடி கேனைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நான் வேறு எந்த மனித முகத்திலும் பார்த்ததில்லை.

"செடிக்குக் கேன் தண்ணியா சார்?"

"பக்கெட் தண்ணி ஊத்தினா உப்பு ஏறி செத்துடுது மேடம்."

"எங்க வீட்டு மணி பிளாண்ட் ரெண்டு அப்படித்தான் சார் போச்சு. அதனாலதான் நான் பக்கெட் வெக்கல."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே."

"மூணு தடவ சொல்ல வாயத் தொறந்தேன் சார். மூணு தடவயும் நீங்க நோட்டீஸ நீட்டினீங்க."

லிஃப்ட் மூடிக்கொண்டது. நான் கேனோடு நின்றேன். என்னிடம் பேச வருகிறவர்களுக்கு நான் எப்போதும் எதையாவது நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று அப்போது தோன்றியது.

குளியலறையில் தொட்டியை வைத்து, மக் மக்காக நல்ல தண்ணீரை ஊற்றினேன். அடி ஓட்டை வழியாக முதலில் தேநீர் நிறத்தில் வந்தது, பிறகு தெளிந்தது. இருபது லிட்டர் நல்ல தண்ணீர் என் கண் முன்னால் சாக்கடைக்குப் போனது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு தண்ணீரை ஒரே சமயத்தில் வீணாக்கியதில்லை. நடுவில் ஐந்தாவது இலையும் கழன்று மக்கில் விழுந்தது.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணு சொல்லவா? அன்னிக்கு அவங்க கார்ல எடம் இருந்துச்சுங்க" என்றாள்.

"என்ன?"

"பின் சீட்டு முழுசா காலி. நான்தான முறுக்கு டப்பாவ வெச்சேன். மாப்பிள்ள கூட, மடியில வெச்சுக்கறேன், எடுத்துட்டு வான்னு சொன்னார். இவதான் கேக்கல. அப்பாகிட்ட இருக்கட்டும்னுட்டா."

நான் மக்கைக் கீழே வைத்தேன். ஈரத்தரையில், லுங்கி நனைவது தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பேச ஏதாவது இருக்கட்டும் என்று அவள் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நான் அதை வாரத்துக்கு மூன்று டம்ளர் உப்பு ஊற்றிக் கொன்றுகொண்டிருந்தேன், டிக் வேறு போட்டு. அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டேன், சத்தம் கேட்கக் கூடாது என்று. அதிலும் கொஞ்சம் தண்ணீர் வீணானது.

"எவ்வளவு நாளா தெரியும் உனக்கு?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்களா கேப்பீங்கன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு மனைவி காபி போடப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கத்தரிக்கோலை எடுக்கவில்லை. தொட்டியைத் திருப்பவும் இல்லை. மனைவி போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

"செடி எப்படிப்பா இருக்கு?"

நாலு இலையோடு, கருகிய ஓரங்களோடு, அதன் மோசமான பக்கத்தைக் காட்டினேன். திரையில் அவள் முகம் மாறியது.

"என்னப்பா ஆச்சு?"

"தப்பு என்னுதும்மா. ஆர்.ஓ. மெஷின்லேர்ந்து வெளிய போற தண்ணிய ஊத்தினேன். நீ வெரலால தொட்டுப் பாருன்னு சொன்ன. தொடல. அம்மா சொன்னா, கேக்கல. எலைய வெட்டி வெட்டி உனக்கு நல்லா இருக்கற மாதிரி காட்டினேன். இப்ப நல்ல தண்ணி ஊத்தியிருக்கேன். பொழைக்குமான்னு தெரியல."

இங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு தப்பை ஒத்துக்கொண்ட வேகத்தில் வாய் நிற்கவில்லை.

"கல்யாணத்தன்னிக்கு விருந்தாளியா வந்திருக்கேன்னு சொன்னேன் பாரு, அதுவும் தப்புதான். நான் உன் அப்பாவா வந்திருக்கணும். பாயசம் வெச்சாங்களான்னு நீ கேட்ட. வெச்சாங்க. நல்லா இருந்துச்சு. உன்கிட்ட அத சொல்லியிருக்கணும்."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. பெங்களூரிலும் ஏதோ பாத்திரச் சத்தம் நின்றது. மாப்பிள்ளையாக இருக்கும். மகள் திரையை விட்டுக் கொஞ்சம் விலகினாள், தோள் மட்டும் தெரிந்தது.

"சரியா கேக்கலப்பா. இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள்.

எங்கள் வீட்டு ஹாலில் சிக்னல் நன்றாகவே கிடைக்கும். இருந்தாலும் மறுபடி சொன்னேன்.

"இன்னும் கேக்கலப்பா."

மூன்றாவது முறை, பாயசம் உட்பட எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. மாடிப்படியில் யாரோ நடப்பதை நிறுத்திவிட்டு நின்றார்கள். கணக்கு டீச்சராகத்தான் இருக்கும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மகள் திரைக்குள் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப கேட்டுச்சு" என்றாள்.